முதலில் கூலி, பிறகு தருமம்

யாழ்ப்பாணத்தில் ஏதாவது ஒரு நற்பணிக்கு நிதி சேர்க்க இசை நிகழ்ச்சி வைத்தால் மண்டபத்துக்கு வாடகை உண்டு. ஒலிபெருக்கிக்காரருக்கும் ஜெனரேற்றர்காரருக்கும் அன்றிரவே காசு எண்ணிக் கொடுக்கப்படும். பதாகை அச்சிட்டவரும், வடையும் தேநீரும் கொண்டுவந்தவரும், மேடையை அலங்கரித்தவரும் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றுக்கொண்டு போவார்கள். மூன்று மணி நேரம் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் பொன்னாடை. "நல்ல காரியம்தானே, ஒரு சேவையாகச் செய்து தாருங்கள்" என்று கேட்பவர்களின் மனத்தில் கள்ளம் இல்லை. அவர்களும் சொந்தக் காசைப் போட்டு ஓடித் திரிபவர்கள்தாம். ஆனாலும் அன்றைய நிகழ்ச்சிக்கு மிகப் பெரிய நன்கொடையைக் கொடுத்தவர் யார் என்று கணக்குப் பார்த்தால், வீட்டு வாடகைக்கே வழி தேடிக்கொண்டிருக்கும் ஒரு மிருதங்கக்காரராக அவர் இருப்பார். அவருடைய பெயர் நன்கொடையாளர் பட்டியலில் இருக்காது.

நான் வயலின் வாசிப்பவன். மருதனார்மடத்தில் இசை படித்தேன். வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கச்சேரிகளுக்கும் ஒலிப்பதிவுகளுக்கும் போகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் நானும் எனக்குத் தெரிந்த கலைஞர்கள் சிலரும் சேர்ந்து, எங்கள் ஒலிப்பதிவுகளை நாங்களே இணையத்தில் வெளியிட்டு, வரும் பணத்தை நாங்களே பகிர்ந்துகொள்ளும் ஒரு கூட்டுறவைத் தொடங்கினோம். இணுவிலைச் சேர்ந்த நாதஸ்வர, தவில் கலைஞர்கள், வடமராட்சியின் கூத்துக் குழு ஒன்று, சொல்லிசை (ராப்) பாடும் இளைஞர்கள், ஓர் ஒலிப்பதிவாளர் என்று பலவகைப்பட்டவர்கள் அதில் இருக்கிறோம். இதுபோல ஒன்றைத் தொடங்க விரும்புகிறவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, "எந்தச் செயலியில் பாட்டைப் போடலாம்?" என்பதுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. பாட்டு யாருடையது, பணம் யார் கைக்கு வருகிறது, அதை யார் எப்போது எண்ணிப் பார்க்கலாம் என்ற மூன்றையும் எழுதிவைத்த பிறகுதான் செயலியைப் பற்றிப் பேச வேண்டும்.

பெரிய இசைச் சேவைகளில் பணம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பது எங்களில் பலருக்கு ஆரம்பத்தில் தெரியாது. ஒரு பாட்டு ஒரு தடவை ஒலித்தால் இத்தனை சதம் என்று ஒரு கட்டணம் இருப்பதாகவே எல்லோரும் நினைத்தோம். அப்படி எதுவும் இல்லை. ஸ்பொட்டிஃபை போன்ற சேவையில் சந்தாப் பணமும் விளம்பரப் பணமும் ஒரே குவியலில் சேர்கின்றன. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பாட்டுகளின் உரிமையாளர்களுக்குப் போகிறது. அந்தப் பங்கை, மொத்தமாக ஒலித்த தடவைகளில் யாருடைய பாட்டு எத்தனை விழுக்காடு என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். மானிப்பாயில் இருக்கும் ஒருவர் மாதம் முழுவதும் நாதஸ்வரம் மட்டுமே கேட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கட்டிய சந்தாவின் பெரும்பகுதி, அவர் ஒருநாளும் கேட்டிராத உலகப் பிரபலங்களுக்கே போய்ச் சேரும். ஏனென்றால் அவர் கேட்ட நூறு தடவைகள் அந்தப் பெருங்குவியலில் கண்ணுக்கே தெரியாதவை. கேட்பவருடைய பணம் அவர் கேட்ட கலைஞருக்கே போகட்டும் என்ற வேறு முறையும் இருக்கிறது. சவுண்ட்கிளவுட் என்ற இசைச் சேவை 2021 இல், பெரிய நிறுவனங்களைச் சாராத கலைஞர்களுக்காக அதைத் தொடங்கியது. பெரும்பாலான சேவைகள் இன்னும் பழைய முறையிலேயே இருக்கின்றன. 2024 முதல் ஸ்பொட்டிஃபையில் இன்னொரு விதியும் வந்தது: முந்தைய 12 மாதங்களில் 1000 தடவை கேட்கப்படாத பாட்டுக்கு உரிமைத்தொகை இல்லை. உலகச் சந்தையில் 1000 என்பது சிறிய எண்தான். ஆனால் ஒரு கூத்தின் வரவுப் பாட்டுக்கோ, ஒரு ராகத்தை நாற்பது நிமிடம் விரித்து வாசித்த ஆலாபனைக்கோ அது மலை.

நாடுகளுக்கு இடையிலான வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். இலங்கையில் சந்தா மலிவு. கனடாவிலும் பிரித்தானியாவிலும் அதிகம். குவியல் நாட்டுக்கு நாடு தனித்தனியானது. ஆகவே ஒரே பாட்டைக் கோண்டாவிலில் ஒருவர் கேட்டால் கிடைப்பதைவிட ரொறொன்ரோவில் ஒருவர் கேட்டால் பல மடங்கு கிடைக்கிறது. எங்கள் கணக்கறிக்கைகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்த வேறுபாடு கண்ணில் குத்தும். புலம்பெயர்ந்த உறவுகளிடம் பாட்டைக் கொண்டுசேர்ப்பதில் நாங்கள் இத்தனை அக்கறை காட்டுவதற்குப் பாசம் மட்டும் காரணமில்லை.

எங்களுக்கு முன்னால் வெளிநாடுகளில் இதைச் செய்து பார்த்தவர்களைப் பற்றியும் படித்தோம். ரெசனேட் என்ற இசைக் கூட்டுறவு 2015 இல் பெர்லினில் தொடங்கியது. அதில் ஒரு பாட்டை முதல் தடவை கேட்கும்போது மிகச் சிறிய தொகைதான் கழிந்தது. ஒவ்வொரு தடவையும் அது இரட்டிப்பாகி, ஒன்பதாவது தடவையுடன் பாட்டு கேட்பவருக்கே சொந்தமானது. சும்மா கேட்டுப் பார்த்தவருக்குச் செலவு மிகக் குறைவு. உண்மையாகவே விரும்பியவர் முழு விலையையும் கொடுத்தார். செலவு போக மிஞ்சும் மிகையில் கலைஞர்களுக்கு 45, கேட்பவர்களுக்கு 35, வேலைசெய்பவர்களுக்கு 20 விழுக்காடு என்று விதி வகுத்திருந்தார்கள். அமெரிக்காவில் அம்பிள்ட் என்ற கூட்டுறவு, ரசிகர்கள் மாதந்தோறும் கலைஞருக்கு நேரடியாகப் பணம் தரும் வழியை நடத்திப் பின்னர் மூடிவிட்டது. கற்றலிற்றிக் சவுண்ட் என்ற ஜாஸ் கலைஞர்களின் கூட்டுறவு 2021 இல் தொடங்கிய சேவைதான் எனக்கு அதிகம் பிடித்தது. உலகத்துப் பாட்டையெல்லாம் தருவதாக அவர்கள் சொல்லவில்லை. தங்கள் உறுப்பினர்களின் இசைத்தொகுப்புகளை மட்டும், அதுவும் மாற்றி மாற்றி, குறைந்த எண்ணிக்கையில் வைத்தார்கள். சிறிய சங்கத்தால் சுமக்கக்கூடிய பாரம் அது.

கலைஞர்கள் தம் இசையை ரசிகர்களுக்கு நேரே விற்கும் பாண்ட்காம்ப் தளம் கூட்டுறவு இல்லை. ஆனால் பல ஆண்டுகள் கலைஞர்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்த தனியார் நிறுவனம். மின்னியல் விற்பனையில் 15 விழுக்காடுதான் எடுத்தது. கொரோனாக் காலத்தில், 2020 மார்ச்சில், ஒரு வெள்ளிக்கிழமை முழுவதும் தன் பங்கை விட்டுக்கொடுத்தது. பிறகு அதையே வழக்கமாக்கியது. 2022 இல் ஒரு விளையாட்டு மென்பொருள் நிறுவனம் அதை வாங்கியது. 2023 இல் அது இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாறியபோது ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேலையை இழந்தார்கள். அதை வளர்த்த கலைஞர்களிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டிய கடமையும் இருக்கவில்லை, ஏனென்றால் அவர்களிடம் பங்கு இல்லை. சப்வேர்ட் என்ற கலைஞர் கூட்டுறவு 2024 இல் பேசப்படத் தொடங்கியது இந்த அனுபவத்திலிருந்துதான். நல்ல மனிதர்கள் நடத்துகிறார்கள் என்பது கலைஞருக்குப் பாதுகாப்பு ஆகாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வரலாறு எனக்குத் தெரியவில்லை.

வெளிநாட்டுச் செய்திகளைப் படித்துக்கொண்டிருந்தாலும், எங்களுக்குச் சரியான பாடம் ஊருக்குள்ளேயே கிடைத்தது. யாழ்ப்பாணத்துக்குக் கூட்டுறவு புதிதா? சங்கக்கடை இல்லாத கிராமம் எது? பொருளாதாரத் தடைக் காலத்தில் சீனிக்கும் மாவுக்கும் சங்கக்கடை வாசலில் வரிசையில் நின்ற தலைமுறை இன்னும் இருக்கிறது. மூளாயில் 1930களில் ஊர்மக்கள் கூட்டுறவாகவே ஒரு வைத்தியசாலையை அமைத்தார்கள். திருவிதாங்கூர்ச் சந்தைக்குப் போன புகையிலையை விற்பதற்கு விவசாயிகள் தமக்கென ஒரு கூட்டுறவு விற்பனைச் சங்கம் வைத்திருந்தார்கள். கடல் கடந்த சந்தை, இடையில் தரகர், விளைவித்தவனுக்கு விலை தெரியாத நிலை: இன்று எங்கள் பாட்டுக்கு இருக்கும் சிக்கல் அன்று அவர்களுக்கும் இருந்தது. நாங்கள் அடிக்கடி வாசிக்கும் வீரசிங்கம் மண்டபமே வடபகுதிக் கூட்டுறவு இயக்கத்தை வளர்த்த வி. வீரசிங்கத்தின் பெயரில் இருப்பதுதான்.

எங்கள் தவில் கலைஞர் ஒருவரின் மைத்துனர் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுபவர். பதிவேட்டை எப்படி வைப்பது என்று அவர்தான் வந்து காட்டித் தந்தார். சீவல் தொழிலாளி கள்ளை அளந்து கொடுத்ததும் அளவு இரண்டு இடத்தில் எழுதப்படும். ஒன்று சங்கத்திடம், மற்றது அவருடைய கையில். அளந்ததற்கான காசு வேறு, ஆண்டு முடிவில் சங்கத்துக்கு மிஞ்சுவது வேறு. இரண்டையும் ஒரு நாளும் கலக்கக் கூடாது என்று அவர் அழுத்திச் சொன்னார். எங்கள் யாப்பின், அதாவது சங்க விதிகளின், முதுகெலும்பு அந்த ஒரு வாக்கியம்தான்.

இப்படி எழுதினோம். ஒரு பாட்டுக்கு வரும் பணத்தில் சேவைக் கட்டணமும் வங்கிக் கட்டணமும் போக மிஞ்சுவதில் நூற்றுக்கு 80 அந்தப் பாட்டில் பங்குகொண்டவர்களுக்கு. 20 சங்கத்துக்கு. ஒலிப்பதிவுக் கருவிகள், விநியோகக் கட்டணம், கணக்காய்வு, சேமநிதி எல்லாம் அந்த 20 இல் இருந்துதான். அதிலும் ஆண்டு முடிவில் ஏதாவது மிஞ்சினால், அதை எந்தச் சமூகப் பணிக்குக் கொடுப்பது என்று பொதுக்கூட்டம் வாக்களித்துத் தீர்மானிக்கும். கலைஞருடைய 80 இல் தருமத்தின் பெயரால் ஒரு ரூபாயும் கழிக்கப்படாது. பெரிய பெயர் உள்ளவருக்கும் தாளம் போடுபவருக்கும் பொதுக்கூட்டத்தில் ஒரே ஒரு வாக்கு. இங்கிலாந்தின் ரொச்டேலில் 1844 இல் நெசவாளர்கள் தொடங்கிவைத்த ஒழுங்கு அது. மாற்ற வேண்டிய காரணம் எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. இப்போதைக்குப் பிரதேச செயலகத்தின் கலாசாரப் பிரிவில் கலை மன்றமாகத்தான் பதிந்திருக்கிறோம். முறையான கூட்டுறவுச் சங்கமாவதற்கு மாகாணக் கூட்டுறவுத் திணைக்களத்தில் பதிய வேண்டும். கணக்கு ஒழுங்காக ஓடிய பிறகு போனால் அங்கே பேசுவது எளிது.

அந்த 80ஐப் பிரிப்பதுதான் உண்மையான வேலை. ஒலிப்பதிவுக்கு முன்பே ஒரு தாளில் பங்குகளை எழுதி, எல்லோரும் கையொப்பமிட்ட பிறகுதான் ஒலிவாங்கியைத் திறக்கிறோம். 'பங்குத் தாள்' என்று அதை அழைக்கிறோம். வாசித்து முடிந்ததும் எழுதலாம் என்று விட்டால் அது நடக்காது. பாட்டு பிரபலமான பிறகு எழுதப் போனால் சண்டையில் முடியும்.

நாதஸ்வர, தவில் குழுவான மேளத்தில் காலங்காலமாக ஒரு வழக்கம் உண்டு. கோயிலிலிருந்து வரும் தொகையை முன்னணி நாதஸ்வர வித்துவான் வாங்கி, மற்றவர்களுக்குத் தன் கணிப்பின்படி கொடுப்பார். இரண்டாம் நாதஸ்வரம், தவில், தாளம், சுருதிப்பெட்டி என்று வரிசை இறங்கும். நாங்கள் தாளை நீட்டியதும் மூத்த வித்துவான் ஒருவர் மனம் நொந்துவிட்டார். "இத்தனை ஆண்டுகள் என் கையால் கொடுத்தேனே தம்பி, யாரையாவது ஏமாற்றினேனா?" என்று கேட்டார். அவர் ஏமாற்றியவர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அவருடைய தவில்காரரே அதற்குப் பதில் சொன்னார்: "ஐயா, கோயில் காசு அன்றோடு முடிகிறது. இது நாங்கள் செத்த பிறகும் வரும் காசு. அப்போது கொடுப்பதற்கு நீங்கள் இருக்க மாட்டீர்கள். வாங்குவதற்கு நானும் இருக்க மாட்டேன். பிள்ளைகள் எதைப் பார்ப்பார்கள்?" ஐயா அதன் பிறகு தாளை வாங்கி, தாளக்காரப் பையனுக்கு நாங்கள் எழுதியிருந்த பங்கைத் தாமாகவே கூட்டி எழுதினார்.

அந்தத் தவில் கலைஞர் சொன்னது சட்டப்படியும் சரி. இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஒரு படைப்பின் பதிப்புரிமை ஆக்கியவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும். நிகழ்த்துகிற கலைஞருக்குத் தம் நிகழ்த்துகையில் உள்ள உரிமை 50 ஆண்டுகள். ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன என்பதை எங்கள் உறுப்பினர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்: இயற்றப்பட்ட பாட்டு ஒன்று, அதன் ஒலிப்பதிவு இன்னொன்று. தியாகராசரின் கீர்த்தனை இன்று எவருக்கும் தனிச்சொத்து இல்லை. அதை நீங்கள் வாசித்த ஒலிப்பதிவு உங்களுடையது. திரைப்பாடலை நீங்கள் எவ்வளவு அழகாக வாசித்தாலும் பாட்டு இன்னொருவருடையது. அனுமதி பெறாமல் வெளியிடக் கூடாது. இரவுத் திருவிழாவில் திரைப்பாடல்களுக்குத்தான் கூட்டம் சேரும் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் எங்கள் பட்டியலில் அவை இல்லை.

கூத்துப் பாட்டில் இது இன்னும் சிக்கலானது. இயற்றியவர் யார் என்று தெரியாத, தலைமுறை தலைமுறையாக ஓர் ஊரின் கொப்பிகளில் கைமாறி வந்த பாட்டுகள் அவை. 1995 இடப்பெயர்வில் கொப்பிகளும் ஒலிநாடாக்களும் போய்விட, கூத்தைப் பழக்கும் அண்ணாவிமாரின் நினைவில் மட்டும் எஞ்சியவை பல. சட்டம் இயற்றியவரைத்தான் தேடும், காத்தவரைத் தேடாது. நாங்கள் நீண்ட நேரம் விவாதித்து, இயற்றியவருக்குப் போக வேண்டிய பங்கை அந்தப் பாட்டைக் காத்துவந்த ஊர்க் கூத்துக் குழுவின் பெயரில் எழுதுவது என்று முடிவெடுத்தோம். அந்தக் குழுவின் வங்கிப் புத்தகத்துக்கு அது நேரே போகிறது. எனக்கு எங்கள் யாப்பிலேயே மிகவும் பிடித்த பிரிவு இதுதான்.

கோயில் ஒலிப்பதிவுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திருவிழா உபயகாரர் மேளத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் காசு கொடுக்கிறார். ஆகவே அன்றைய பதிவு தம்முடையது என்று அவர் நினைப்பது இயல்பு. ஒரு திருவிழாவில் பதிவுசெய்த தனித்தவில் முழுவதும், வாசித்தவர்களின் பெயர்கூட இல்லாமல், மறுவாரமே இணையத்தில் கிடந்தது. சண்டை பிடிக்கவில்லை. இப்போது மேளம் ஒப்புக்கொள்ளும்போதே ஒரு வரி சேர்த்து எழுதுகிறோம்: வாசிப்பதற்கான தொகை இது; பதிவுசெய்து வெளியிடுவதற்குக் கலைஞரின் அனுமதி தனியே வேண்டும். உபயகாரர்கள் பெரும்பாலும் மறுப்பில்லாமல் ஒப்பமிடுகிறார்கள். கேட்டால் தரத் தயாராகத்தான் இருந்திருக்கிறார்கள்.

பணம் வரும் வழி யாழ்ப்பாணத்தில் தனிப் பிரச்சினை. வெளிநாட்டுக் கலைஞர்களுக்கு இலகுவாக இருக்கும் பல தளங்கள் பேபால் அல்லது ஸ்ட்ரைப் என்ற இணையப் பணச் சேவைகள் வழியாகப் பணம் கொடுப்பவை. இலங்கையில் இருப்பவர் பேபாலால் பணம் செலுத்தலாம். ஆனால் பெற முடியாத நிலையே பல ஆண்டுகளாக இருந்தது. ஸ்ட்ரைப்பில் இலங்கை முகவரிக்குக் கணக்கே இல்லை. ரெசனேட்டில் இருந்த சிலர் பின்னர் உருவாக்கிய மிர்லோ என்ற கூட்டுறவுத் தளம் எங்கள் மனத்துக்கு மிக நெருக்கமானது. ஆனால் அதுவும் ஸ்ட்ரைப்பையே நம்பியிருக்கிறது. அறம் சரியாக இருந்தும் குழாய் எங்கள் வீடுவரை வரவில்லை. ஆகவே எந்தத் தளத்தின் கொள்கைப் பக்கத்தையும் படிக்கும் முன்னர், இலங்கை வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்புகிறார்களா, எவ்வளவு சேர்ந்தால் அனுப்புகிறார்கள் என்ற இரண்டையும் பாருங்கள்.

பாட்டுகளை இசைச் சேவைகளுக்குக் கொண்டுசேர்க்கும் விநியோக நிறுவனங்கள் சில வங்கிக்கு நேரே அனுப்புகின்றன. விற்பனைத் தளத்துக்கு மட்டும் இலண்டனில் இருக்கும் ஓர் உறுப்பினரின் கணக்கைப் பயன்படுத்துகிறோம். அந்த அண்ணை நேர்மையானவர், அதனால்தான் அவரையும் விதிக்குள் கொண்டுவந்தோம். ஒவ்வொரு மாதமும் கணக்கின் முழு அறிக்கையையும் அவர் பொருளாளருக்கும் இன்னோர் உறுப்பினருக்கும் அனுப்ப வேண்டும். வங்கிக் கட்டணம் மிச்சமாகட்டும் என்று காலாண்டுக்கு ஒருமுறை பணம் வருகிறது. பணம் வந்த நாளின் நாணய மாற்று வீதம் பதிவேட்டில் எழுதப்படும். 2022 இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியதை அனுபவித்தவர்களுக்கு அந்தக் குறிப்பு ஏன் வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை. வீதம் எழுதப்படாவிட்டால் ஏறியதன் இலாபம் யாருடையது என்ற சந்தேகம் வரும். சந்தேகத்துக்கு இடம் வைப்பது அண்ணைக்கும் அநியாயம்.

சிறிய விடயங்கள் சில. பெயரை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்று ஒரு தடவை தீர்மானித்து, எல்லா இடத்திலும் அப்படியே எழுதுங்கள். எங்கள் வித்துவான் ஒருவர் எழுத்துக்கூட்டல் வேறுபாட்டால் மூன்று வேறு கலைஞர்களாகப் பிரிந்து கிடந்தார். அவருடைய உரிமைத்தொகையும் அப்படியே சிதறிக் கிடந்தது. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற, எழுத்தும் எண்ணுமாக 12 இடங்கள் கொண்ட குறியீடு கிடைக்கும். அதைப் பதிவேட்டில் எழுதிவையுங்கள், விநியோகம் செய்பவரை மாற்றினாலும் அதே குறியீட்டோடு போங்கள். ஆண்டுக் கட்டணம் கட்டாவிட்டால் பாட்டைக் கழற்றிவிடும் விநியோகக்காரர்களும் உண்டு, ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். மூலப் பதிவுகளைத் திகதியுடன் இரண்டு இடங்களில் வையுங்கள். ஒரு காணொளித் தளத்தின் தானியங்கிச் சோதனை, நாங்கள் வாசித்த கீர்த்தனை வேறொரு நிறுவனத்தின் பதிவு என்று சொல்லி வருமானத்தை நிறுத்தியபோது, மூலப் பதிவும் கையொப்பமிட்ட பங்குத் தாளும் கையில் இருந்ததால்தான் மறுத்து வாதாட முடிந்தது.

இனித் தருமத்துக்கு வருகிறேன். சங்கத்துக்குள் மிகக் கடுமையான வாக்குவாதம் அதில்தான் வந்தது. சொல்லிசை பாடும் தம்பிமாரின் பாட்டுகள்தாம் அதிகம் கேட்கப்படுகின்றன. ஆகவே சங்கத்தின் 20 இல் பெரும்பகுதி அவர்களுடைய பாட்டிலிருந்து வருகிறது. ஆண்டு முடிவில் மிகையை முதுமையில் வாடும் அண்ணாவிமாரின் மருந்துச் செலவுக்குக் கொடுக்கலாம் என்று முன்மொழிவு வந்தது. ஒரு தம்பி எழுந்து, "எங்கள் உழைப்பில் மற்றவர்கள் தருமவான்கள் ஆகிறீர்கள்" என்றார். கூட்டத்தில் சலசலப்பு. என்னைக் கேட்டால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. அண்ணாவிமாரும் அங்கேதான் இருந்தார்கள். அவர்களில் மூத்தவர் சொன்னதை நாங்கள் கூட்டறிக்கையில் அப்படியே எழுதியிருக்கிறோம்: "எங்களுக்குத் தானம் வேண்டாம், பிள்ளைகளே. எங்கள் பாட்டைத்தானே நீங்கள் கைபேசியில் பிடித்துக்கொண்டு போய் உங்கள் பாட்டுக்கு நடுவில் வைக்கிறீர்கள். அதற்குரிய பங்கைத் தாருங்கள்."

அவர் சொன்னது உண்மை. தம்பிமாரின் பாட்டுகள் சிலவற்றில் கூத்தின் பிற்பாட்டுக் குரல்கள் இருந்தன. அன்பாகத்தான் எடுத்திருந்தார்கள்; கூத்தைக் கொண்டாடுவதாகவே நினைத்திருந்தார்கள். பங்குத் தாள்கள் அன்றே திருத்தி எழுதப்பட்டன. அண்ணாவியாருக்கும் பிற்பாட்டுப் பாடியவர்களுக்கும் பங்கு வந்தது. ஊர்க் குழுவுக்கும் வந்தது. எதிர்த்துப் பேசிய தம்பியே அந்தத் தாளை எழுதினார். மருந்துச் செலவின் ஒரு பகுதி இப்போது அண்ணாவியாரின் சொந்த வருமானத்திலிருந்து போகிறது. மிகையை, பாடசாலையை விட்ட பிள்ளைகளுக்கு ஒலிப்பதிவு கற்றுக்கொடுக்கும் வகுப்புக்குக் கொடுக்கலாம் என்று பொதுக்கூட்டம் தீர்மானித்தது.

வெளியே நடக்கும் நிதி சேகரிப்பு நிகழ்ச்சிகளுக்கும் ஒரு விதி வைத்திருக்கிறோம். எங்கள் உறுப்பினர்கள் வருவார்கள். ஊதியம் வரவுசெலவுத் திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாங்கிய கலைஞர் விரும்பினால் அதில் ஒரு பகுதியையோ முழுவதையுமோ நன்கொடையாகத் திருப்பிக் கொடுக்கலாம். கொடுத்தால் அவருடைய பெயரும் நன்கொடையாளர் பட்டியலில் இருக்க வேண்டும். இதைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் உண்டு, கலைக்கு விலை பேசுகிறார்கள் என்றார்கள். ஒரு பழைய மாணவர் சங்கத்தார் மட்டும் யோசித்துவிட்டு, "ஒலிபெருக்கிக்குக் கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் கேட்கிறீர்கள்" என்று சொல்லி ஒப்புக்கொண்டார்கள். அந்த நிகழ்ச்சியில் வாசித்தவர்களில் சிலர் முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்தார்கள். கடன் இருந்தவர் வைத்துக்கொண்டார். யார் வைத்துக்கொண்டார் என்று எவரும் கேட்கவில்லை.

இணையத்தில் கேட்கப்படுவதால் மட்டும் எங்களில் ஒருவராலும் குடும்பம் நடத்த முடியாது. இதைத் தொடங்க நினைப்பவர்களுக்கு அதை மறைக்க மாட்டேன். எங்களுக்கு வரும் பணத்தில் பெரும்பங்கு, இசைத்தொகுப்பை முழுவதுமாக விலை கொடுத்து வாங்கும் புலம்பெயர்ந்த உறவுகளிடமிருந்தும், பாட்டைக் கேட்டுவிட்டுக் கச்சேரிக்கு அழைப்பவர்களிடமிருந்தும் வருகிறது. ஆகவே பெரிய சேவைகளில் எல்லாவற்றையும் போடுவதில்லை. ஒவ்வொரு தொகுப்பிலும் ஓரிரு பாட்டுகளை அங்கே வைத்து, முழுத் தொகுப்பையும் எங்கள் விற்பனைப் பக்கத்தில் மட்டும் வைக்கிறோம். பக்கத்தில் ஒவ்வொரு பாட்டின் கீழும் வாசித்தவர்கள் அனைவரின் பெயரும் இருக்கிறது. வாங்கும் பணம் எப்படிப் பிரியும் என்பதும் இருக்கிறது. அந்த வரியைப் படித்துவிட்டுக் குறித்த விலைக்கு மேலே கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சுருதிப்பெட்டி பிடித்தவரின் பெயரைப் பார்த்துவிட்டு, "இவர் என் பள்ளித் தோழன்" என்று சுவிற்சர்லாந்திலிருந்து எழுதியவரும் இருக்கிறார்.

இப்போது எங்கள் முன் இருக்கும் கேள்வி, எங்கள் இசையைக் கேட்பவர்களையும் உறுப்பினர்களாகச் சேர்ப்பதா என்பது. ரெசனேட் கேட்பவர்களுக்கு மிகையில் பங்கு கொடுத்திருந்தது. எங்கள் பொருளாளர் அதற்கு எதிர். காசுள்ளவர்கள் எண்ணிக்கையில் பெருகினால் இங்கிருக்கும் தாளக்காரரின் வாக்கு கரைந்துபோகும் என்கிறார். அவருடைய அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் சேர்ப்பதற்கே வாக்களிப்பேன், ஒரு நிபந்தனையுடன்: சமூகப் பணியைத் தெரிவுசெய்வதில் அவர்களுக்கு வாக்கு இருக்கட்டும், பங்குத் தாளிலும் பாட்டின் விலையிலும் கலைஞர்களுக்கு மட்டுமே வாக்கு. யாப்புத் திருத்தத்தின் வரைவு எல்லா உறுப்பினர்களுக்கும் போயிருக்கிறது. எதிர்த்திருத்தம் இருப்பவர்கள் பொதுக்கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னதாக எழுத்தில் தரவேண்டும்.